‘இயந்திரக் கோளாறு’ என்று எழுதி முடித்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் ஏழாம் பக்கத்தில், தரையைவிட்டு எழும்பிய அரை நிமிடத்திலேயே விழுந்து நொறுங்கிய ஹெலிகாப்டரைப் பற்றிய செய்தி படத்தோடு வந்திருந்தது. விமானியும் உடன் சென்ற இருவரும் எலும்பு முறிவோடு தப்பினார்கள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஆனால் செய்தியின் கடைசி வரி அந்த நிம்மதியைக் கெடுத்துவிட்டது. “இயந்திரக் கோளாறே விபத்துக்குக் காரணம் எனத் தெரிகிறது.” அதோடு முற்றுப்புள்ளி.

யாருக்குத் தெரிகிறது, எப்படித் தெரிகிறது என்று உங்கள் நிருபர் எழுதவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். விபத்துக்கு மறுநாள் யாரிடம் கேட்டாலும் கிடைக்கிற பதில் அதுதான். இயந்திரம் நின்றது, ஆகவே இயந்திரக் கோளாறு. விளக்கு அணைந்ததும் திரியின்மேல் பழி போடுவதைப் போன்றது இது. விளக்கில் ஊற்றியது எண்ணெயா தண்ணீரா என்று யாராவது பார்த்தார்களா?

கேட்பதற்கு எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. 31 ஆண்டுகள் ஹெலிகாப்டர் மெக்கானிக்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த 31 ஆண்டுகளில் பெரும்பாலான காலைகள் எனக்கு ஒரே மாதிரிதான் விடிந்தன. ஹெலிகாப்டரின் வயிற்றுக்கு அடியில் குந்தி உட்கார வேண்டும். டேங்கின் அடிமட்டத்தில் இருக்கும் வடிகால் வால்வை அழுத்தி ஒரு கண்ணாடி ஜாடியில் எரிபொருளைப் பிடிக்க வேண்டும். அதை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்க்க வேண்டும். இன்று என் முழங்கால்கள் மாடிப்படி ஏற மறுப்பதற்கு அந்த ஜாடிக்கும் பங்கு உண்டு.

உங்கள் படத்தில் விழுந்து கிடந்த ஹெலிகாப்டரைவிட, அதன் வால்பகுதிக்குப் பின்னால் மங்கலாகத் தெரிந்த மூன்று பேரல்கள்தான் என் கண்ணில் முதலில் பட்டன. மூன்றும் நட்டுக்குத்தலாக நிற்கின்றன. மேலே தார்ப்பாய் இல்லை. செய்தியிலோ “முந்தைய இரண்டு நாட்களாக மழை பெய்திருந்தது” என்று ஒரு வரி இருக்கிறது. அந்தப் பேரல்களால்தான் ஹெலிகாப்டர் விழுந்தது என்று நான் சொல்லவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து தீர்ப்பு எழுத நான் யார்? அந்தப் பேரல்களை யாரும் எட்டிப் பார்த்ததாகச் செய்தியில் இல்லை, அதுதான் என் குறை.

டர்பைன் இயந்திரம் என்பது மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் இடைவிடாமல் எரிகிற ஒரு தீ. ஐந்து பேர் அமரும் ஒற்றை இயந்திர ஹெலிகாப்டர் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 100 லிட்டர் குடிக்கும். வகுத்துப் பார்த்தால் வினாடிக்கு 28 மில்லிலிட்டர் வருகிறது. ஒரு சிறிய மருந்துக் குப்பியில் 60 மில்லி தண்ணீர் பிடிக்கும் என்றால், அந்தக் குப்பித் தண்ணீர் மொத்தமாக இயந்திரத்துக்குள் போனால் அந்தத் தீக்கு இரண்டு வினாடி உணவில்லை. தீ அணைந்துவிடும். தானாகவே மறுபடி பற்றவைக்கும் வசதி சில இயந்திரங்களில் உண்டு. ஆனால் அடுத்து வருவதும் தண்ணீராக இருந்தால் பொறி எதைப் பற்றவைக்கும்?

300 அடி உயரத்தில் இது நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இயந்திரம் நின்ற ஹெலிகாப்டர் கல்லைப் போல விழாது. விமானி கையிலிருக்கும் நெம்புகோலை உடனே தாழ்த்தினால், கீழிருந்து மேலே வரும் காற்று இறக்கைகளைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சுழற்சியைச் சேமித்துவைத்து, தரையைத் தொடும் நேரத்தில் ஒரே ஒருமுறை செலவழித்து மெதுவாக இறங்கலாம். ஆட்டோரொட்டேஷன் என்று இதற்குப் பெயர். எல்லா விமானிகளும் பழகுவதுதான். ஆனால் இந்த இறக்கம் நிமிடத்துக்கு 1500 அடிக்கு மேல். 300 அடிக்குப் பத்துப் பன்னிரண்டு வினாடிகள். அதற்குள் இயந்திரம் நின்றதை உணர வேண்டும், நெம்புகோலைத் தாழ்த்த வேண்டும், இறங்க இடம் தேட வேண்டும். முன்னோக்கிய வேகமே இல்லாமல் அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தால் அந்த அவகாசமும் இல்லை. எந்த உயரத்தில் எந்த வேகத்துக்குக் கீழே போகக் கூடாது என்று ஒவ்வொரு ஹெலிகாப்டரின் கையேட்டிலும் ஒரு வரைபடம் இருக்கும். அதில் நிழலடித்த பகுதிக்கு விமானிகள் வைத்திருக்கும் பெயரைப் பத்திரிகையில் எழுத வேண்டாம். வேடிக்கை என்னவென்றால், ஹெலிகாப்டரை நாம் வாடகைக்கு எடுப்பதே பெரும்பாலும் அந்த நிழலுக்குள் வேலை செய்வதற்குத்தான். கயிற்றில் ஆளைத் தூக்குவது, மின்கம்பியைப் பார்வையிடுவது, சுமையைத் தொங்கவிட்டு மலைமேல் இறக்குவது எல்லாம் அங்கேதான் நடக்கின்றன.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்பார்கள். “சீல் வைத்த பேரல், திருகுமூடியும் இறுக்கமாக இருக்கிறது, தண்ணீர் எப்படிப் போகும்?” பணியில் புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவரும் என்னிடம் கேட்ட கேள்வி இது. பேரல் மூச்சுவிடும் என்று சொல்வேன், சிரிப்பார்கள். பகல் வெயிலில் உள்ளே இருக்கும் எண்ணெயும் காற்றும் விரிகின்றன. இரவுக் குளிரில் சுருங்குகின்றன. சுருங்கும்போது பேரல் வெளியிலிருப்பதை உள்ளே இழுக்கிறது. நட்டுக்குத்தலாக நிற்கும் பேரலின் மேல்தட்டில் விளிம்பு உயர்ந்திருப்பதால் மழைநீர் அங்கே குளம்போலத் தேங்கும், திருகுமூடி அந்தக் குளத்துக்குள் மூழ்கிக் கிடக்கும். மூடியின் திருகு மறை இடுக்கு வழியே ஒவ்வோர் இரவும் சில துளிகள் உள்ளே போகும். அதனால்தான் பேரல்களைப் படுக்கவைக்கச் சொல்கிறார்கள். படுக்கவைத்தாலும் போதாது. இரண்டு மூடிகளும் கடிகாரத்தில் மூன்று மணியும் ஒன்பது மணியும் இருக்கும் இடங்களில் வரும்படி உருட்டிவைக்க வேண்டும். அப்போது மூடிகள் உள்ளிருக்கும் எண்ணெயின் மட்டத்துக்குக் கீழே இருக்கும், காற்றையோ நீரையோ இழுக்க வழியிருக்காது. மறை சரியில்லை என்றால் எண்ணெய்தான் வெளியே கசியும், அதைக் கண்ணால் பார்த்துவிடலாம். நிற்கவைத்தே ஆக வேண்டும் என்றால் அடியில் ஒரு கட்டையைக் கொடுத்துச் சாய்த்து, மூடிகள் தாழ்வான பக்கத்தில் வராதபடி வைக்க வேண்டும். இவ்வளவுதான் வித்தை. ஒரு கட்டை, ஒரு தார்ப்பாய்.

மழையே பெய்யாவிட்டாலும் தண்ணீர் வரும். எண்ணெய் தன்னுள் கொஞ்சம் நீரைக் கரைத்து வைத்திருக்கும், சூடாக இருக்கும்போது அதிகமாக, குளிர்ந்தால் குறைவாக. குளிரும்போது மிச்சத்தைக் கக்கும். பாதி காலியான டேங்கில் இருக்கும் காற்றும் இரவில் உள்சுவரில் வியர்க்கும். சிறு விமானக்காரர்கள் மாலையிலேயே டேங்கை விளிம்புவரை நிரப்பிவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். ஹெலிகாப்டர்காரருக்கு அந்த வசதி குறைவு. காலையில் எத்தனை பேர், எவ்வளவு சுமை, எந்த உயரம் என்று தெரியாமல் டேங்கை நிரப்பிவிட்டால் எடை தாங்காது. ஆகவே பாதி டேங்கோடு இரவைக் கழிக்கிறது, காலையில் வியர்வையோடு எழுகிறது.

தண்ணீர் மண்ணெண்ணெயைவிடக் கனம். அசையாமல் விட்டால் அடிக்குப் போய்விடும், வால்வைத் திறந்தால் முதலில் அதுதான் வரும். இது கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் அடிமட்டம் என்பது ஹெலிகாப்டர் சமதளத்தில் நிற்கும்போதுதான் அடிமட்டம். சரிவான புல்தரையில் ஒரு பக்கம் சாய்ந்து நின்றால், தண்ணீர் வடிகாலை விட்டு வேறு மூலைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஜாடியில் நல்ல எண்ணெய் வரும். கையெழுத்துப் போடுவோம். தரையில் இயந்திரம் ஒழுங்காக ஓடும். எழும்பி, மூக்கைத் தாழ்த்தி, முன்னோக்கி வேகமெடுக்கும்போது அந்த மூலைத் தண்ணீர் நகர்ந்து பம்பின் வாய்க்கு வரும். “தரையில் நன்றாகத்தானே ஓடியது” என்று விபத்துக்குப் பிறகு எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தண்ணீரின் குணம் தெரிந்தவனுக்கு அது ஆச்சரியமில்லை.

இப்போது என் சொந்தக் கதை. இதை என் மேலதிகாரிகள் யாரிடமும் நான் சொன்னதில்லை. பதிவேட்டில் இருக்கிறது, ஆனால் ஒற்றை வரியாக இருக்கிறது.

வேலையில் சேர்ந்து நான்காவது ஆண்டு. இரவு முழுவதும் மழை. காலையில் அவசரப் பயணம், நோயாளியை ஏற்றிவர வேண்டும். விடிவதற்கு முன்பே விளக்கைப் பிடித்துக்கொண்டு வடிகாலைத் திறந்தேன். அரை லிட்டர் ஜாடி நிறைந்தது. தூக்கிப் பார்த்தேன். பளிங்கு மாதிரி இருந்தது. துரும்பில்லை, கலங்கல் இல்லை, அடியில் கோடு போட்டதுபோல் பிரிந்து நிற்கும் நீர் இல்லை. சுழற்றிப் பார்த்தேன், நடுவில் அழுக்கு எதுவும் சேரவில்லை. “தெளிவு” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

விமானி என்னைவிட இருபது வயது மூத்தவர். அதிகம் பேச மாட்டார். ஜாடியைக் கையில் வாங்கி ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு தன் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து அதிலிருந்து நாலைந்து சொட்டுகளை ஜாடிக்குள் விட்டார்.

“தம்பி, நான் விட்ட சொட்டு எங்கே?” என்றார்.

“உள்ளேதான் சார்.”

“உள்ளே எங்கே? காட்டு.”

நான் தேடினேன். எண்ணெயில் விட்ட தண்ணீர்ச் சொட்டு, முத்து முத்தாக உருண்டு அடியில் போய் உட்கார வேண்டும். இதில் எதுவும் உருளவில்லை, எதுவும் உட்காரவில்லை. விட்ட சொட்டு இருந்த சுவடே தெரியவில்லை. என் வயிற்றுக்குள் ஏதோ கழன்று விழுந்ததைப் போல இருந்தது. நான் பிடித்து வைத்திருந்த அரை லிட்டரும் தண்ணீர். முழுக்க முழுக்கத் தண்ணீர். எண்ணெயும் நீரும் கலந்து வந்திருந்தால் நடுவில் பிரிகோடு தெரிந்திருக்கும். தண்ணீர் மட்டும் வந்ததால் பிரிவதற்கு எதுவும் இல்லை. டர்பைன் எரிபொருளுக்கும் பெரிதாக நிறம் கிடையாது. வாசனையை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்பீர்கள். ஜாடி, துணி, என் கை, என் சட்டை எல்லாமே வருடக்கணக்கில் மண்ணெண்ணெயில் ஊறியவை. என்னைச் சுற்றி இருந்த உலகமே அந்த வாசனைதான்.

அதன் பிறகு மூன்று முறை ஜாடி நிரம்பத் தண்ணீர் வந்தது. நான்காவதில் பாதிக்குமேல் எண்ணெய், ஐந்தாவதில் நல்ல எண்ணெய். எரிபொருள் ஊற்றும் வாயின் மூடியில் இருந்த ரப்பர் வளையம் வெடித்திருந்தது. இரவு மழை அதன் வழியே இறங்கியிருக்கிறது. மொத்தம் இரண்டு லிட்டருக்குச் சற்றுக் கூடுதல். மேலே சொன்ன கணக்கில் போட்டுப் பாருங்கள், இயந்திரத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேலான தீனி.

அவர் என்னைத் திட்டவில்லை. “கையெழுத்தை அடித்துவிட்டு மறுபடி எழுது” என்று மட்டும் சொன்னார். நோயாளியை ஏற்றிவர முக்கால் மணி நேரம் தாமதமாகப் போனார்கள். அதற்கு விளக்கம் கேட்டு வந்த கடிதத்துக்கு நான்தான் பதில் எழுதினேன். “வடிகால் சோதனையில் நீர் காணப்பட்டது, நீக்கப்பட்டது.” அந்த ஒற்றை வரிதான் பதிவேட்டில் இருக்கிறது. தாமதத்துக்கு விளக்கம் கேட்ட அந்த அலுவலகம், நான் பணியில் இருந்த காலம் முழுவதும் சரியான நேரத்தில் கிளம்பிய பயணத்துக்கு விளக்கம் கேட்டதில்லை. ஒரு ஜாடியை எத்தனை வினாடி பார்த்தாய் என்று யாரும் கேட்டதில்லை.

அன்று முதல் கண்ணை மட்டும் நம்புவதை விட்டேன். உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துப் பார்ப்பேன், எண்ணெய் வழுக்கும், நீர் வழுக்காது. பேரலுக்குள் விடும் அளவுக்குச்சியின் நுனியில் தண்ணீர் காட்டும் பசையைத் தடவுவேன், அடியில் நீர் இருந்தால் பசை நிறம் மாறும். கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கும் நுண்துளிகளுக்குத் தனிக் கருவி இருக்கிறது. சிரிஞ்சின் முனையில் ஒரு சிறு மஞ்சள் வில்லையைப் பொருத்தி 5 மில்லி எரிபொருளை அதன் வழியே இழுத்தால், நீர் இருந்தால் வில்லை பச்சையாகவோ நீலமாகவோ மாறும். எரிபொருள் ஊற்றும் இடத்தில் வழக்கமாக ஏற்றுக்கொள்ளப்படும் எல்லை பத்து லட்சத்தில் 30 பங்கு, அதாவது 1000 லிட்டருக்கு 30 மில்லி. நாங்கள் எவ்வளவு சிறிய அளவுக்காக மல்லுக்கட்டுகிறோம் என்பது இதிலிருந்து புரியும்.

இனி உங்கள் தலையங்கத்துக்கு வருகிறேன். “இரட்டை இயந்திர ஹெலிகாப்டராக இருந்திருந்தால் இந்த விபத்து நேர்ந்திருக்காது” என்று மறுநாள் எழுதியிருந்தீர்கள். இயந்திரம் தானாகப் பழுதாகும் சந்தர்ப்பங்களில் அது சரி. கெட்ட எரிபொருளுக்கு முன்னால் அந்த வாதம் நிற்காது. இரண்டு இயந்திரங்களும் ஒரே பேரலிலிருந்துதான் குடிக்கின்றன.

ஹெலிகாப்டர் அல்ல என்றாலும் இதற்கு எல்லோரும் அறிந்த சாட்சி ஒன்று உண்டு. 2010 ஏப்ரல் 13 அன்று இந்தோனேசியாவின் சுரபயாவிலிருந்து ஹாங்காங் சென்ற கேத்தே பசிபிக்கின் ஏர்பஸ் 330 விமானத்தில் 322 பேர் இருந்தார்கள். சுரபயா விமான நிலையத்தின் நிலத்தடி எரிபொருள் குழாய்களை நீட்டிக்கும் வேலையின்போது உப்புநீர் உள்ளே புகுந்திருந்தது. எரிபொருளில் தண்ணீர் வந்தால் உறிஞ்சிக்கொள்ள வேண்டிய வடிகட்டிகள் உப்புநீரால் கெட்டு, உள்ளிருந்த உறிஞ்சு பொருளையே நுண்ணிய உருண்டைகளாகக் கக்கின. காவல்காரனே களவாடிய கதை. அந்த உருண்டைகள் இரண்டு இயந்திரங்களின் எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் கருவிகளையும் கவ்விப் பிடித்தன. தரையிறங்கும் நேரத்தில் ஒரு இயந்திரம் அதிக வேகத்தில் சிக்கிக்கொண்டது, மற்றது குறைந்த வேகத்தில். மணிக்கு சுமார் 430 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுபாதையைத் தொட்டு, டயர்கள் தீய்ந்து நின்றார்கள். அனைவரும் உயிர் தப்பினார்கள். அந்த விமானிகளுக்குப் போதிய உயரமும் நீண்ட ஓடுபாதையும் இருந்தன. 300 அடியில் கயிற்றில் ஆளைத் தொங்கவிட்டிருக்கும் ஹெலிகாப்டருக்கு என்ன இருக்கிறது?

தண்ணீர் மட்டும்தான் பகை என்றும் நினைத்துவிடாதீர்கள். தண்ணீரும் எண்ணெயும் சந்திக்கும் கோட்டில் ஒரு பூஞ்சை வளரும். பழுப்பு நிறத்தில் வழவழவென்று இருக்கும், வடிகட்டியை அடைக்கும், டேங்கை அரிக்கும். பழைய குழாய்களின் உள்சுவர் கரும்பொடியாக உதிரும். இவற்றுக்கெல்லாம் வழி தெரியும். மனிதக் கை மாறிப் போவதற்குத்தான் வழி தெரியவில்லை.

2019 மே மாதம் அமெரிக்காவின் புளோரிடாவில் புன்டா கோர்டா என்ற இடத்தில் எரிபொருள் நிரப்பிய இரண்டு சிறிய ஜெட் விமானங்களுக்கு நடந்ததைக் கேளுங்கள். குளிரில் எரிபொருளில் பனி பிடிக்காமலிருக்க ஒரு திரவத்தைச் சிறிதளவு கலப்பார்கள், நிறமற்றது. டீசல் லாரிகளின் புகையைச் சுத்தப்படுத்த வேறொரு திரவம் ஊற்றுவார்கள், யூரியாவும் தண்ணீரும் கலந்தது, அதுவும் நிறமற்றது. யாரோ பனித்தடுப்புத் திரவத்தின் இடத்தில் லாரித் திரவத்தை ஊற்றிவிட்டார்கள். விமான எரிபொருளில் சேர்ந்ததும் யூரியா படிகமாக உறைந்து வடிகட்டிகளை அடைத்தது. ஒரு விமானத்தில் இரண்டு இயந்திரங்களும் நின்றன, மற்றதில் ஒன்று. இரண்டும் பத்திரமாகத் தரையிறங்கின. இதே குழப்பம் அதே நாட்டில் 2017இல் ஒமாஹாவிலும் 2018இல் ஓபா லோக்காவிலும் நடந்திருந்தும் மூன்றாவது முறையும் நடந்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது. ஜாடியைத் தூக்கிப் பார்த்தால் இது தெரியாது. டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டைப் படித்தால்தான் தெரியும்.

சுத்தமான எரிபொருளே தவறான எரிபொருளாகவும் இருக்கலாம். ராபின்சன் ஆர்44 என்ற ஹெலிகாப்டரும் ஆர்66 என்பதும் தூரத்தில் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். முன்னது பிஸ்டன் இயந்திரம், நீல நிற விமானப் பெட்ரோல் குடிக்கும். பின்னது டர்பைன், மண்ணெண்ணெய் வகை எரிபொருள் குடிக்கும். பிஸ்டன் ஹெலிகாப்டரில் டர்பைன் எரிபொருளை ஊற்றிவிட்டால் உடனே தெரியாது. குழாய்களில் மிச்சமிருக்கும் பெட்ரோலில் இயந்திரம் கிளம்பிவிடும், மேலே போன பிறகுதான் உள்ளே இடிக்கத் தொடங்கும். சந்தேகம் வந்தால் ஒரு வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுக் காத்திருந்து பாருங்கள். பெட்ரோல் காற்றில் பறந்துவிடும், மற்றது எண்ணெய் வளையமாக நிற்கும். எங்கள் கூடாரத்தில் ஒரு காகிதக் கட்டு இதற்கென்றே ஆணியில் தொங்கும்.

மெக்கானிக் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அவன் கையை மீறியதும் உண்டு. 1999 இறுதியில் ஆஸ்திரேலியாவில் ஒரு சுத்திகரிப்பு ஆலையில் எத்திலீன் டையமின் என்ற வேதிப்பொருள் விமானப் பெட்ரோலில் மிகச் சிறிய அளவில் தங்கிவிட்டது. வழக்கமான தரச் சோதனைகளில் அது சிக்கவில்லை. பித்தளைப் பாகங்களோடு வினைபுரிந்து கருப்புப் பிசினாகத் திரண்டு எரிபொருள் பாதையை அடைத்தது. 2000 ஜனவரியில் ஆயிரக்கணக்கான சிறு விமானங்களைத் தரையில் நிறுத்தினார்கள். நிறுத்தியதால் எத்தனை உயிர் பிழைத்தது என்று கணக்கெடுக்க முடியாது, அந்தக் கணக்கு யாரும் எழுதாத கணக்கு.

பேரலை முழுவதும் உறிஞ்சக் கூடாது, அடியில் கொஞ்சத்தை விட்டுவிட வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். அதற்காகவே கைப்பம்பின் குழாயை அடியைத் தொடாதபடி குட்டையாக வைப்போம். ஒரு பேரல் 200 லிட்டர். அடியில் ஐந்தோ ஆறோ லிட்டர் மிஞ்சும். பத்துப் பேரலுக்கு ஐம்பது அறுபது லிட்டர். மாதக் கடைசியில் கணக்குப் பார்ப்பவர் இதை “வீணடிப்பு” என்ற தலைப்பின் கீழ் எழுதி, எங்கள் தலைமை மெக்கானிக்கிடம் காரணம் கேட்டார். அடுத்த மாதம் குழாய் சற்றே நீண்டிருந்தது. யார் நீட்டினார்கள் என்று கேட்காதீர்கள், நானும் அப்போது வாயை மூடிக்கொண்டிருந்தவன்தான். அந்தக் குழாயைப் பழையபடி வெட்ட இரண்டு மாதங்களும், ஒரு விமானி வடிகட்டியிலிருந்து கைப்பிடி துருவைக் கொண்டுவந்து மேசைமேல் கொட்டியதும் தேவைப்பட்டன.

உங்கள் நிருபருக்கு நான் கேட்டுக்கொள்வது இதுதான். ஹெலிகாப்டர் விழுந்தால் ஹெலிகாப்டரைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பாமல், அது கடைசியாக எங்கே எரிபொருள் நிரப்பியது என்று கேளுங்கள். அன்று காலை வடிகாலைத் திறந்தவர் யார், எத்தனை மணிக்கு? பிடித்த ஜாடி எங்கே? ஒழுங்காக நடக்கும் தளங்களில் அந்த ஜாடியை மூடி, தேதியும் நேரமும் எழுதி, ஹெலிகாப்டர் பத்திரமாகத் திரும்பும்வரை வைத்திருப்பார்கள். விழுந்த ஹெலிகாப்டர் எரிந்துபோனால் டேங்கில் இருந்ததும் எரிந்துவிடும். மிஞ்சும் சாட்சி வடிகட்டிக் கிண்ணத்தில் ஒட்டியிருக்கும் சில துளிகளும், அலமாரியில் இருக்கும் அந்த ஜாடியும்தான். அதே பேரலிலிருந்து அன்று வேறு யாராவது நிரப்பினார்களா என்றும் கேளுங்கள். விசாரணை அதிகாரிகள் இதையெல்லாம் கேட்பார்கள், ஆனால் அவர்கள் வந்து சேர்வதற்குள் பேரல்கள் உருண்டுபோய்விடும், ஜாடி கழுவப்பட்டுவிடும். கெட்ட எண்ணம் வேண்டியதில்லை. இடத்தைச் சுத்தம் செய்யலாம் என்று யாராவது ஒரு நல்ல மனிதர் கிளம்பினாலே போதும். செய்தித்தாளில் பெயர் வந்த பேரலை அவ்வளவு எளிதில் யாரும் உருட்டமாட்டார்கள்.

இன்னொரு உதவியும் வேண்டும். ஏழாம் பக்கப் படத்தை வலது ஓரத்தில் வெட்டியிருக்கிறீர்கள். முதல் இரண்டு பேரல்களின் மேல்தட்டு தெரிகிறது, இரண்டிலும் வானத்தின் வெளிச்சம் பிரதிபலிப்பதைப் போல இருக்கிறது. அச்சு மங்கலாக இருப்பதால் அது தேங்கிய நீரா, ஈரம் காய்ந்த தகரமா என்று என் கண்ணாடியையும் பூதக்கண்ணாடியையும் சேர்த்து வைத்துப் பார்த்தும் விளங்கவில்லை. மூன்றாவது பேரலில் திருகுமூடி திறந்திருப்பதைப் போலத் தோன்றுகிறது, அதிலிருந்து ஒரு குழாய் வெட்டிய ஓரத்துக்கு வெளியே போகிறது. அசல் படம் உங்களிடம் இருந்தால், முழு அளவில் ஒரு பிரதி எனக்கு அனுப்பிவையுங்கள். அதற்கு முன்பாக ஒரு பிரதியை விசாரணை அதிகாரிக்கு அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹெலிகாப்டர் மெக்கானிக்